அரிசோனா சிப் ஆலை ஏன் தாமதமானது: ஆள் இல்லையா, ஆளை நடத்தத் தெரியவில்லையா?

கரிசல்மணி (கோவை)

நம் நாட்டில் சிப் ஆலை வருகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் எத்தனை ஆயிரம் கோடி என்பதை மட்டும்தான் பேசுகிறோம். யார் கட்டுவார்கள், யார் ஓட்டுவார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அதனால் அரிசோனா கதையை ஒருமுறை முழுதாகப் பேசிவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2020 மே மாதம் தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி, அமெரிக்காவின் அரிசோனாவில் 1,200 கோடி டாலரில் ஒரு சிப் ஆலை கட்டப்போவதாக அறிவித்தது. உற்பத்தி 2024இல் என்றார்கள். 2021இல் வேலை தொடங்கியது. 2022 டிசம்பரில் முதல் எந்திரங்கள் உள்ளே போனபோது அதிபர் பைடன், ஆப்பிளின் டிம் குக் எல்லாரும் வந்தார்கள். இரண்டாவது ஆலையும் சேர்ந்து முதலீடு 4,000 கோடி டாலர் ஆனது. ஏழு மாதம்தான். 2023 ஜூலையில் அப்போதைய தலைவர் மார்க் லியு, உற்பத்தி 2025க்குத் தள்ளிப்போகிறது என்றார். நுட்பமான எந்திரங்களைப் பொருத்தத் தேர்ந்த ஆட்கள் அங்கே போதவில்லை, தைவானிலிருந்து ஆட்களை அனுப்புகிறோம் என்றார்.

நான் 22 வருடமாக வால்வு ஆலையில் மெயின்டனன்ஸ் பார்ப்பவன். சிப் ஆலைக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் புது எந்திரம் வந்து இறங்கினால் என்ன நடக்கும் என்று தெரியும். ஆர்டர் போட்டால் எந்திரம் சில மாதத்தில் வந்துவிடும். சத்தத்தை வைத்தே பேரிங் போகப்போகிறது என்று சொல்கிற ஆள் வர ஐந்து வருடம் ஆகும். தைவான் நாற்பது வருடமாக அப்படிப்பட்ட ஆட்களை வளர்த்தது. அமெரிக்கா அந்த நாற்பது வருடமும் ஆலைகளை வெளிநாட்டுக்கு விட்டுவிட்டு, இப்போது காசை வைத்துக்கொண்டு உடனே வேண்டும் என்கிறது. தைவானிலிருந்து வர இருந்த சுமார் 500 பேருக்கு விசா தரக்கூடாது என்று அரிசோனா கட்டுமானத் தொழிற்சங்கங்கள் மனு வேறு போட்டன. கற்றுக்கொடுக்க வருகிறவரையும் வாசலில் நிறுத்தினால் எப்படி?

என் கருத்து: தாமதத்துக்கு முதல் காரணம் கைத்திறன் இல்லாததுதான். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

வேலன் (சாண்ட்லர், அரிசோனா)

மணி அண்ணா, வணக்கம். நான் மறுக்கிறேன்.

11 வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். கட்டுமான ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பைப்பிங் ஒருங்கிணைப்பு வேலை. டிஎஸ்எம்சி தளத்தில் நான் வேலை பார்த்ததில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அரிசோனாவுக்கு சிப் ஆலை புதிது என்பதுபோல் நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. மோட்டரோலா 1949இலேயே ஃபீனிக்ஸில் ஆய்வகம் திறந்தது. இன்டெல் 1980 முதல் சாண்ட்லரில் சிப் செய்கிறது. அந்த ஆலைகளுக்கெல்லாம் பைப் போட்டவர்கள், மின்கம்பி இழுத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். என்னோடு வேலை பார்க்கும் ஃபோர்மேன் ஒருவருடைய அப்பாவும் இதே வேலையில் இருந்தவர்.

இன்னொன்று. 2021 செப்டம்பரில் இன்டெல்லும் சாண்ட்லரில் இரண்டு புது ஆலைகளைத் தொடங்கியது. அதுவே 2,000 கோடி டாலர் வேலை. ஒரே வட்டாரத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதே வெல்டர்களைத் தேடினால் ஆள் பற்றாமல்தான் போகும். அதைத் திறன் இல்லை என்று எழுதுவது அந்தத் தொழிலாளிகளுக்கு நியாயம் இல்லை.

விசா மனுவைப் பற்றி. தொழிற்சங்கங்கள் கேட்டது இதுதான்: அரசு மானியம் வாங்குகிற திட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த வேலையையும் வெளியாட்களுக்குக் கொடுப்பதற்காக, எங்களைத் திறமை இல்லாதவர்கள் என்று ஏன் சொல்கிறீர்கள்? 2023 டிசம்பரில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பயிற்சி, தளப் பாதுகாப்பு, உள்ளூர் ஆட்களுக்கு முன்னுரிமை, சிறப்பு அனுபவம் தேவைப்படும் இடத்தில் மட்டும் வெளிநாட்டு ஆட்கள். பேசினால் தீர்கிற பிரச்சினை என்றால், அது கைத்திறன் பிரச்சினையாக இருந்திருக்க முடியாது.

சொந்த அனுபவம் ஒன்று. வேறு மாநிலத்தில், வேறு துறை ஆலை, பெயர் வேண்டாம். ஒரு தளத்தில் 40 மீட்டர் பைப் வரிசையை மூன்று முறை கழற்றி மாட்டினோம். வெல்டர் மூன்று முறையும் நன்றாகத்தான் செய்தார். வரைபடம்தான் மூன்று முறை மாறியது. மாறின தகவல் மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியும், எங்களுக்கு வந்து சேர எட்டு நாள் ஆகும். கடைசியில் அறிக்கையில் எழுதினது என்ன தெரியுமா? "தொழிலாளர் உற்பத்தித்திறன் குறைவு." அன்றிலிருந்து இந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

கரிசல்மணி (கோவை)

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. வரைபடம் மாறினதற்கு வெல்டரைத் திட்டுவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்டெல்லுக்குப் பைப் போட்ட ஆட்கள் இருந்தால், டிஎஸ்எம்சி போன்ற நிறுவனம் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்? தாமதத்தால் அவர்களுக்குத்தானே நஷ்டம்?

தேன்மொழி (சிங்கப்பூர்)

இருவரும் "ஆள்" என்று ஒரே சொல்லைச் சொல்லி வேறு வேறு ஆட்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் 14 வருடமாக இங்கே ஒரு வேஃபர் (சிப்புகளை உருவாக்கும் சிலிக்கான் வட்டு) ஆலையில் எக்விப்மென்ட் இன்ஜினியர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிப் ஆலை கட்டுவதில் மூன்று கட்டம் இருக்கிறது. முதலாவது கட்டடம்: கான்கிரீட், இரும்பு, கூரை, குளிர்சாதனம். இதற்கு வேலன் சொல்கிற ஆட்கள் போதும், அமெரிக்காவில் நிறையவே இருக்கிறார்கள். மூன்றாவது, ஆலை ஓடத் தொடங்கிய பிறகு சிப் செய்கிற இன்ஜினியர்களும் டெக்னீஷியன்களும். இவை இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, அதை நாங்கள் ஹூக்-அப் என்போம். எந்திரத்தை ஆலையோடு இணைக்கிற வேலை. மார்க் லியு சொன்ன பற்றாக்குறை அந்த நடுக் கட்டத்தில் வந்தது.

ஹூக்-அப் என்றால் பிளக் சொருகுவது போல என்று நினைக்காதீர்கள். கிளீன்ரூமின், அதாவது எந்திரங்கள் நிற்கும் தூசியற்ற அறையின், தரை ஓட்டை போட்ட பலகை. மேலே கூரை முழுக்க ஃபில்டர்; காற்று மேலிருந்து இறங்கி அந்த ஓட்டை வழியாகக் கீழே போகும். கீழ்த் தளத்தைச் சப்-ஃபேப் என்போம். பம்புகள், குளிர்விப்பான்கள், வாயுக் கழிவை எரித்துக் கழுவும் பெட்டிகள் எல்லாம் அங்கேதான். மேலே இருக்கிற ஒரே ஓர் எந்திரத்துக்குக் கீழேயிருந்து என்னென்ன போகிறது என்று எண்ணிப் பாருங்கள்: மின்சாரம், குளிர்நீர், நைட்ரஜன், மிகத் தூய நீர், வேக்கம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்), அமில வடிகால் தனி, கரைப்பான் வடிகால் தனி, எக்ஸாஸ்ட் இரண்டு மூன்று வகை, அப்புறம் அந்த எந்திரத்துக்கு மட்டும் வேண்டிய வாயுக்கள். அதில் சைலேன் என்ற வாயு காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும்.

அந்த வாயுக் குழாயின் உள்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றியிருப்பார்கள். வெல்டிங் தலை குழாயைச் சுற்றித் தானே ஓடும், உள்ளே முழுநேரமும் ஆர்கான் ஓடிக்கொண்டிருக்கும். ஷிப்ட் தொடங்கும்போது வெல்டர் முதலில் ஒரு மாதிரித் துண்டை ஒட்டி, அதை நீளவாக்கில் அறுத்துக் காட்ட வேண்டும். உள்ளே லேசாக நீலமோ பழுப்போ தெரிந்தால் அன்று அவர் வேலை தொடங்க முடியாது. ஒட்டி முடித்த பிறகு ஹீலியம் வைத்துக் கசிவு பார்ப்போம், துகள் எண்ணுவோம், ஈரம் அளப்போம். கோடியில் சில பங்கு ஈரம் இருந்தாலும் திரும்பத் திறக்க வேண்டும்.

இருபது வருடம் எண்ணெய் ஆலையில் வெல்டிங் செய்த தேர்ந்த ஆளும் இதை முதல் நாளே செய்ய முடியாது. அது அவருக்கு இழிவும் இல்லை. சில மாதம் பக்கத்தில் நின்று பழகினால் செய்வார். ஆனால் அப்படிப் பழக்க ஏற்கெனவே நாலு ஆலை ஹூக்-அப் செய்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அதனால் 500 பேர் வந்தது சரி என்பேன். அவர்கள் வந்ததை முன்கூட்டியே விளக்காமல், உள்ளூர் ஆட்களைக் குறை சொல்லி அறிவித்தது தவறு என்பேன்.

வேலன் (சாண்ட்லர், அரிசோனா)

தேன்மொழி அக்கா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் ஒரு சிறு திருத்தம். அந்தத் தூய குழாய் வெல்டிங் தெரிந்தவர்கள் இங்கே இல்லாமல் இல்லை. இன்டெல் தளத்தில் அவர்களுக்கு நிரந்தரமாக வேலை இருந்தது. அதை விட்டுவிட்டு, வேலை முறையே புரியாத இன்னொரு தளத்துக்குப் போக அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும் இல்லையா?

கரிசல்மணி (கோவை)

சரி, கட்டும் ஆட்களை விடுவோம். ஓட்டும் ஆட்களுக்கு வருகிறேன்.

டிஎஸ்எம்சியை 1987இல் நிறுவிய மாரிஸ் சாங் 2022இல் ஒரு நேர்காணலில், அமெரிக்காவில் சிப் செய்ய தைவானைவிட 50 சதவீதம் கூடுதலாகச் செலவாகிறது என்றார். ஊகமாகச் சொல்லவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் காமஸ் என்ற ஊரில் 1990களிலேயே ஆலை போட்டு, எதிர்பார்த்த செலவில் ஓட்ட முடியாமல் பட்டு அறிந்து சொன்னார். 2023இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேசும்போது இன்னொன்று சொன்னார். ராத்திரி ஒரு மணிக்கு எந்திரம் நின்றால் அமெரிக்காவில் காலையில்தான் சரிசெய்வார்கள், தைவானில் இரண்டு மணிக்கே சரியாகிவிடும். இன்ஜினியருக்கு போன் வந்தால் எழுந்து சட்டை போடுவார், மனைவி என்ன என்று கேட்பார், ஆலைக்குப் போகிறேன் என்பார், மனைவி திரும்பத் தூங்கிவிடுவார்.

எனக்கு அதைப் படித்தபோது என் சொந்த வாழ்க்கையைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆலை நம்முடையது என்ற எண்ணம் இருந்தால்தான் அந்த நேரத்தில் எழ முடியும். அந்த எண்ணம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் வராது. ஃபீனிக்ஸ் பக்கம் சமுதாயக் கல்லூரிகளில் பத்தே நாளில் சிப் டெக்னீஷியன் பயிற்சி தருகிறார்களாம். பத்து நாள்!

தேன்மொழி (சிங்கப்பூர்)

மணி அண்ணா, இந்த இடத்தில் உங்களோடு நான் முழுதாக மோதுகிறேன்.

அந்தக் கதையில் போன் வந்த இன்ஜினியர் நான். எழுந்து சட்டை போட்டது நான். திரும்பத் தூங்க யாரும் இல்லை, ஏனென்றால் பக்கத்தில் மூன்று வயதுப் பெண் 102 டிகிரி காய்ச்சலில் கிடந்தாள், கணவர் வெளிநாட்டில். அப்போது நான் இருந்த ஆலையில் (இப்போது இருப்பது அல்ல) அந்த எந்திரத்துக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. போனேன். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் குழந்தையை விட்டுவிட்டுப் போனேன். பிரச்சினை ஒரு வால்வு சென்சார், பத்து நிமிட வேலை. இரவு ஷிப்ட் டெக்னீஷியனுக்கு யாராவது ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்திருந்தால் அவரே செய்திருப்பார். அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு நேரம் தரப்படவில்லை, ஏனென்றால் நான் எப்போது கூப்பிட்டாலும் வருவேன்.

அந்த வருடமே வேலையை விட்டேன். அடுத்த ஆலையில் நாலு பேர் முறை வைத்து வாரத்துக்கு ஒருவர் போன் எடுப்போம். இரவு ஷிப்டுக்கே முடிவெடுக்கும் அதிகாரம் உண்டு. அங்கே எந்திரம் நிற்கும் நேரம் முந்தின இடத்தைவிடக் கூடவில்லை.

தைவான் ஆலைகள் வேகமாக இருப்பதற்கு அர்ப்பணிப்பு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் தைவானின் சிப் ஆலைகள் குவிந்திருக்கும் சின்சு அறிவியல் பூங்கா 1980இல் தொடங்கியது. எந்திரம் விற்கும் கம்பெனியின் ஆளும், உதிரி பாகமும், அதே எந்திரத்தை வேறு ஆலையில் பார்த்த நண்பரும் வண்டியில் கொஞ்ச தூரத்தில் இருக்கிறார்கள். இரண்டு மணிக்குச் சரியாவதற்கு அதுவும் வேண்டும். பாலைவனத்தில் முதல் ஆலை போட்டுவிட்டு, பாகம் கடல் தாண்டி வரவேண்டிய நிலையில், இன்ஜினியர் ராத்திரி எழுந்து வந்து என்ன செய்வார்? எந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பத்து நாள் பயிற்சியைப் பற்றி: அதில் கிளீன்ரூம் உடை போடுவது, வேக்கம் என்றால் என்ன, பாதுகாப்பு, கருவி பிடிப்பது, இவ்வளவுதான் வரும். அது ஒருவர் இந்த வேலை தனக்கு ஒத்து வருமா என்று பார்க்க உதவும் கதவு. அதுக்கு மேல் ஆலைக்குள்தான் கற்க வேண்டும். அதைக் குறை சொல்லாதீர்கள்.

கும்பகோணத்தான்

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜப்பானை யாரும் பேசவில்லையே. அதே டிஎஸ்எம்சி, குமமோட்டோவில் 2022 ஏப்ரலில் கட்டத் தொடங்கி, 2024 பிப்ரவரியில் திறப்பு விழா, அந்த டிசம்பரில் உற்பத்தி. சொன்ன தேதியில் முடித்தார்கள். அரிசோனா அதற்கு ஒரு வருடம் முந்தித் தொடங்கியது.

கரிசல்மணி (கோவை)

நன்றி ஐயா. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்? அங்கே இரவு பகல் ஷிப்ட் போட்டுக் கட்டினார்கள். நிறுவனம் அதே, தொழிலாளி வேறு.

வேலன் (சாண்ட்லர், அரிசோனா)

தொழிலாளி மட்டும் வேறு இல்லை அண்ணா, எல்லாமே வேறு. குமமோட்டோ ஆலை செய்வது 22, 28 நானோமீட்டர் சிப்பும் 12, 16 நானோமீட்டர் சிப்பும். இந்த எண் குறையக் குறைய வேலை நுட்பமாகும். அரிசோனாவில் 4 நானோமீட்டர். அதற்கு வேண்டிய ஈயூவி எந்திரம் (வேஃபரில் ஒளியால் சுற்றுகளைப் பதிப்பது) ஒன்றே ஒரு பேருந்து அளவு, நாற்பது கன்டெய்னரில் பிரித்து வரும். அப்புறம் கியூஷு தீவு பல பத்தாண்டுகளாக சிப் செய்யும் பூமி. புது ஆலை நிற்கும் கிகுயோ ஊரிலேயே சோனியின் பட சென்சார் ஆலை இருக்கிறது, சோனி இந்த ஆலையில் பங்குதாரர். பக்கத்தில் டோக்கியோ எலக்ட்ரான் எந்திரம் செய்கிறது. தேன்மொழி அக்கா சொன்ன சின்சுவில் இருப்பதெல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தது. குமமோட்டோ காட்டுவது பண்பாட்டை அல்ல, அக்கம்பக்கத்தை.

டிஎஸ்எம்சியின் இப்போதைய தலைவர் சி.சி. வெய் 2025 ஜனவரியில் தேசிய தைவான் பல்கலைக்கழகத்தில் அரிசோனா பற்றிப் பேசியதைப் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது, தைவானைவிட இரு மடங்கு காலமாவது பிடித்தது. இப்படி ஆலை கட்ட அங்கே விதிகளே இல்லாததால் 18,000 விதிகளை உருவாக்கினோம், அதற்கே 3.5 கோடி டாலர் செலவு என்றார். சல்ஃப்யூரிக் அமிலத்தைத் தைவானிலிருந்து கப்பலில் லாஸ் ஏஞ்சலஸ் கொண்டுவந்து லாரியில் ஃபீனிக்ஸ் கொண்டுபோவது, அமெரிக்காவில் வாங்குவதைவிட மலிவாக இருந்தது என்றும் சொன்னார். அமிலம் கிடைக்காததற்கும் அனுமதி வராததற்கும் எந்த வெல்டர் காரணம்?

கரிசல்மணி (கோவை)

அதே உரையில்தான் அவர் ஆள் பற்றாக்குறையையும் சொன்னார் தம்பி. டெக்சாஸிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து தங்க வைத்த செலவையும் சொன்னார். உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அனுமதி விஷயத்தை நான் யோசிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

வேலன் (சாண்ட்லர், அரிசோனா)

சரி அண்ணா, அதையும் சேர்த்துக்கொள்கிறேன். டெக்சாஸ் ஆட்களும் அமெரிக்கத் தொழிலாளிகள்தானே.

முடிவு என்ன ஆனது என்பதையும் பார்ப்போம். 2024 கடைசியில் முதல் ஆலை 4 நானோமீட்டர் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. அங்கே யீல்டு, அதாவது ஒரு வேஃபரில் தேறும் நல்ல சிப்புகளின் அளவு, தைவானின் அதே வகை ஆலைகளைவிட 4 புள்ளி கூடுதல் என்று டிஎஸ்எம்சியின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் ரிக் காசிடியே சொன்னார். 2025 அக்டோபரில் என்விடியாவின் பிளாக்வெல் என்ற ஏஐ சிப்புக்கான வேஃபர் அங்கே வெளிவந்தது. மொத்த முதலீட்டை 16,500 கோடி டாலராக உயர்த்தியிருக்கிறார்கள். கைத்திறன் இல்லாத ஊரில் யாராவது இன்னும் 10,000 கோடி டாலரைப் போடுவார்களா?

கரிசல்மணி (கோவை)

அந்த யீல்டு யாருடைய கை? நூற்றுக்கணக்கான அமெரிக்க இன்ஜினியர்களைத் தைவானின் தைனான் நகருக்குக் கூட்டிப்போய் ஒரு வருடத்துக்கு மேல் பழக்கினார்கள். 2024இல் அரிசோனா ஆலையில் இருந்த ஊழியர்களில் சுமார் பாதிப் பேர் தைவானிலிருந்து வந்தவர்கள். குடும்பத்தோடு வந்து, பாலைவன வெயிலில் பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்த்து, மூன்று வருடம் இருந்து ஓட்டிக் காட்டினார்கள். அவர்களை மறந்துவிட்டு வெற்றியைப் பேசக்கூடாது. நான் முதல் பதிவில் சொன்னது இதுதான்: கை தைவானிலிருந்து வந்தது.

தேன்மொழி (சிங்கப்பூர்)

அந்தக் கை தைவானுக்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள் அண்ணா. 1976இல் தைவான் தன் இன்ஜினியர்களை அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்துக்கு அனுப்பித்தான் சிப் செய்யக் கற்றது. மாரிஸ் சாங் 25 வருடம் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் இருந்தவர். கற்றுக்கொண்டவர்கள் ஊர் திரும்பி அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், அதை நாற்பது வருடம் விடாமல் செய்தார்கள். இப்போது எதிர்த் திசையில் நடக்கிறது. நீங்கள் சொல்கிற கைத்திறன் உண்மை. அது ஒரு நாட்டு ரத்தத்தில் இருப்பது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

கும்பகோணத்தான்

என் கவலை வேறு. அமெரிக்க அரசு இந்த ஒரு நிறுவனத்துக்கு 660 கோடி டாலர் நேரடி மானியம் ஒதுக்கியது. மூன்று ஆலைகளுக்கும் சேர்த்து நேரடி வேலை சுமார் 6,000 என்றார்கள். நம் நாட்டில் குஜராத்தின் தொலேராவில் டாடாவும் தைவானின் இன்னொரு சிப் நிறுவனமான பிஎஸ்எம்சியும் சேர்ந்து போடும் ஆலை 91,000 கோடி ரூபாய், மத்திய அரசு திட்டச் செலவில் பாதியைத் தருகிறது. இவ்வளவு பணம் கொடுத்து, கடைசியில் ஆள் கிடைக்காமல் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது என்றால், அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை முதலில் பாலிடெக்னிக்குகளுக்குக் கொடுத்திருக்கலாமே? ஆலைக்கு முன் ஆள். இந்த வரிசை எங்கேயும் சரியாக நடப்பதாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் சிப் தொழில் சங்கமே 2030க்குள் 67,000 இடங்கள் ஆளில்லாமல் கிடக்கலாம் என்று 2023இல் எச்சரித்தது. ஆலை அறிவிப்புகளெல்லாம் வந்து முடிந்த பிறகு!

வேலன் (சாண்ட்லர், அரிசோனா)

இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை ஐயா. இங்கே டிஎஸ்எம்சி முறையான அப்ரென்டிஸ் திட்டத்தை அறிவித்ததே 2024 ஏப்ரலில்தான். கட்டத் தொடங்கி மூன்று வருடம் கழித்து.

நெல்லை_அருண்

எல்லாருக்கும் வணக்கம். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருடம். இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். வீட்டில் சாஃப்ட்வேர் கோர்ஸ் சேர் என்கிறார்கள். எனக்கு எந்திரம்தான் பிடிக்கும். சிப் ஆலை வேலைக்கு எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களைத்தான் எடுப்பார்கள் என்று சார் சொன்னார். உண்மையா? இப்போதிலிருந்து எதைக் கற்றுக்கொண்டால் உதவும்?

தேன்மொழி (சிங்கப்பூர்)

தம்பி, என் ஆலையில் நான் நம்பி எந்திரத்தை விட்டுப்போகும் இரண்டு டெக்னீஷியன்களும் மெக்கானிக்கல் டிப்ளமோதான். எலக்ட்ரானிக்ஸ் படிப்பு சிப்பை வடிவமைப்பவருக்கு அவசியம். சிப் செய்யும் எந்திரத்துக்குள் இருப்பது பம்ப், வால்வு, ரோபோ கை, ஓ-ரிங், ஹீட்டர், சென்சார்.

வேக்கம் படி. பம்ப் எப்படி வேலை செய்கிறது, கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று புரிந்துகொள். பைப்பிங் வரைபடம் பார்த்தவுடன் வாயு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று விரலால் காட்டத் தெரிய வேண்டும். டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவு பார்த்து இறுக்கும் கருவி) பழகு. எல்லாவற்றையும்விட, செய்ததை அப்படியே எழுதிவைக்கும் பழக்கம். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கினாய், எத்தனை மணிக்கு. தவறு செய்தால் மறைக்காமல் உடனே சொல்கிறவனைத்தான் நாங்கள் தேடுகிறோம், ஏனென்றால் மறைத்த தவறு ஆயிரம் வேஃபர் கழித்துத்தான் தெரியும்.

வேலன் (சாண்ட்லர், அரிசோனா)

அருண், தேன்மொழி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள். முதல் வேலையில் சேரும்போது ஷிப்ட் எத்தனை மணி நேரம், கூடுதல் நேரத்துக்குக் காசு உண்டா, யார் கற்றுக்கொடுப்பார்கள் என்று கேள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

கரிசல்மணி (கோவை)

வேலன் தம்பி, கேட்கட்டும், நானும் அதையே சொல்வேன். தேன்மொழி அம்மா எழுதிய அந்த ராத்திரியை இரண்டு நாளாக யோசிக்கிறேன். என் கீழே வேலை பார்க்கும் பையன்களை எத்தனை முறை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். இரவு ஷிப்டுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன், இதுவரை பதினேழு வந்திருக்கிறது. அரிசோனா விஷயத்தில் கைதான் முதலில் என்ற என் கருத்து மாறவில்லை. அது போகட்டும்.

அருண், எங்கள் பட்டறையில் ஓடாத வேக்கம் பம்ப் ஒன்று இரண்டு வருடமாகக் கிடக்கிறது. உன் தேர்வு முடிந்ததும் ஒரு வாரம் கோவை வா. முழுசாகப் பிரித்து மாட்டலாம். தங்க இடம் இருக்கிறது. வீட்டில் நான் பேசுகிறேன், தனிச்செய்தியில் அப்பாவின் எண்ணை அனுப்பு.

நெல்லை_அருண்

ஐயா, அனுப்பிவிட்டேன். தேர்வு 28ஆம் தேதி முடிகிறது. அந்தப் பம்ப் ரோட்டரி வேன் வகையா, இல்லை டிரை பம்பா? வருவதற்குள் படித்துவிட்டு வருகிறேன்.

கரிசல்மணி (கோவை)

ரோட்டரி வேன். எண்ணெய் ஒழுகுகிறது. ஏன் என்று யோசித்துக்கொண்டு வா.